வராத கரண்டுக்கு யார் பில் போடுவது?

கோவை கணபதியில் பம்ப் செட் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் சின்ன லேத் பட்டறை என்னுடையது. மின்சாரத்தால் வளர்ச்சியா, வளர்ச்சியால் மின்சாரத் தேவையா என்று பொருளாதாரம் படித்தவர்கள் வாதம் செய்வார்கள். எங்கள் ஊரில் இரண்டுமே நடந்தன. 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்ட் மலையிறங்கி வந்த பிறகு கோவையைச் சுற்றி நூற்பாலைகள் மளமளவென்று எழுந்தன. மாடு கட்டிக் கவலை இறைத்த விவசாயி மோட்டார் கேட்டார். 1937இல் ஜி.டி.நாயுடு மோட்டாரை இங்கேயே செய்து காட்டினார். மோட்டாருக்கு வார்ப்படம் வேண்டும், வார்ப்படத்தைக் கடைய லேத் வேண்டும். அந்த வரிசையின் கடைசியில் நிற்பது என் பட்டறை.

பிறகு 2012 வந்தது. சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்களுக்குப் பத்து, பன்னிரண்டு, சில நாட்களில் அதற்கும் மேல். கரண்டை அரிசி மாதிரி மூட்டை கட்டிக் குடோனில் வைக்க முடியாது. அந்தந்த நொடிக்கு உற்பத்தியும் தேவையும் சமமாக இருந்தால்தான் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் நிற்கும். தேவை மிஞ்சினால் அது இறங்கும். விட்டால் மொத்த கிரிட்டும் சாயும். அதனால் சில பகுதிகளுக்குப் போகும் ஃபீடர் லைன்களை அணைத்துவிடுவார்கள். வேறு மாநிலத்தில் மின்சாரம் கிடைத்தாலும் தேவையான அளவு தெற்கே கொண்டுவர லைன் போதவில்லை. தெற்கை மற்ற மாநிலங்களோடு சேர்க்கும் ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் இணைந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

பட்டறையில் கடைசல் ஓடும்போது கரண்ட் போனால் டூல் மாட்டி நிற்கும், பீஸ் வீண். பவுண்டரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். உலையில் உருகிய இரும்பு அப்படியே இறுகிவிடும். ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கூலி உண்டு, வங்கி வட்டியும் உண்டு. ஜெனரேட்டர் ஓட்டினால் ஒரு லிட்டர் டீசலில் மூன்றேகால், மூன்றரை யூனிட் கிடைக்கும். அப்போது டீசல் 50 ரூபாயை ஒட்டி விற்றது. எரிபொருளுக்கு மட்டும் யூனிட்டுக்குப் பதினைந்து ரூபாய். லைன் கரண்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். பெரிய மில் அதைத் தாங்கும். ஜாப் ஒர்க் செய்பவன் எங்கே போவான்? பம்ப் ஆர்டர்கள் குஜராத்தின் ராஜ்கோட் பக்கம் நகர்ந்தன. பட்டறைகளில் வேலை செய்த பீகார், ஒடிசா பையன்கள் ஊருக்கு ரயிலேறினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எனக்கு டீசல் விற்றவரின் லாபம் நாட்டின் வருமானக் கணக்கில் ஏறும். கைவிட்டுப் போன ஆர்டருக்கு எந்தக் கணக்கிலும் ஒரு வரிகூடக் கிடையாது. அதனால்தான் மின்வெட்டின் உண்மையான நஷ்டம் எப்போதுமே குறைத்துச் சொல்லப்படுகிறது என்பது என் கட்சி.

இன்று நிலைமை எவ்வளவோ தேவலை. 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. பகலில் சூரியசக்தி கைகொடுக்கிறது, தென்மேற்குப் பருவத்தில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. பொழுது சாய்ந்து, காற்றும் விழுந்துவிட்டால்தான் சிக்கல். அந்த நேரத்துக்குத்தான் பேட்டரி, குந்தா போன்ற நீரேற்று மின் திட்டங்கள் எல்லாம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் எத்தனை ஆயிரம் மெகாவாட் நிறுவினோம் என்று அடுக்குவார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு அதில் எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேளுங்கள்.