ஒரு டம்ளர் ரத்தத்தில் இத்தனை துப்பா! தெரியுமா?

பிறந்து மூன்றே நாளான குழந்தையின் ரத்தத்தில் கிருமி புகுந்துவிட்டது. உடம்பு அனலாய்க் கொதிக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? சில குழந்தைகளுக்குச் சில்லிட்டுப் போகும், தெரியுமா! பால் சரியாக இழுக்காது, துவண்டு கிடக்கும், அவ்வளவுதான். செப்சிஸ் என்னும் இந்த ஆபத்து பச்சிளம் உடம்பில் இப்படிப் பதுங்கித்தான் வருகிறது. அதனால்தான் டாக்டர்கள் ரத்தத்தையே விசாரிக்கிறார்கள்.

விசாரிக்க எவ்வளவு ரத்தம் இருக்கிறது? மூன்று கிலோ குழந்தைக்கு மொத்தமே சுமார் 250 மில்லி. ஒரு டம்ளர்! ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தைக்கு 90 மில்லி சொச்சம். பிளட் கல்ச்சருக்கு அதிலிருந்து ஒரு மில்லியாவது எடுக்க வேண்டும். எடுத்தாலும் கிருமி வளர்ந்து தலைகாட்ட ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகலாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டா இருப்பது?

அங்கேதான் சி.ஆர்.பி. என்னும் சி-ரியாக்டிவ் புரோட்டீன் வருகிறது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் 1930-லேயே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்ட பொருள் இது! கல்லீரல் சுரப்பது. ஆனால் சரியான சோம்பேறி: தொற்று தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் நன்றாக ஏறும். முதல் சோதனை நார்மல் என்று நிம்மதியடைய முடியாது. மறுநாள் திரும்பப் பார்க்க வேண்டும்.

கல்லீரலை முடுக்கிவிடும் இன்டர்லூகின்-6 நேர் எதிர். சில மணி நேரத்தில் எகிறும், ஒரே நாளில் மறைந்தும்விடும்!

புரோகால்சிடோனின் கதை இன்னும் விசித்திரம். தைராய்டு சுரக்கும் கால்சிடோனினின் மூல வடிவம் அது. கடுமையான பாக்டீரியா தொற்று வந்தால் தைராய்டு மட்டுமல்ல, உடம்பின் பல உறுப்புகளும் அதைக் கொட்டத் தொடங்குகின்றன! ஆனால் எந்தத் தொற்றும் இல்லாத குழந்தைக்கும், பிறந்த முதல் இரண்டு நாளில் அது தானாகவே எகிறி இறங்கும். பெரியவர்களுக்கு வந்தால் கவலைப்பட வேண்டிய அளவு, அந்தக் குழந்தைக்கு இயல்பு! பிறந்து எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் அந்த எண்ணைப் படிப்பது வீண்.

என் பார்வையில், 'தொற்று இல்லை' என்று சொல்லத்தான் இந்தச் சோதனைகள் அதிகம் உதவுகின்றன. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசில் 1,710 குழந்தைகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், சந்தேகத்தில் தொடங்கிய ஆன்டிபயாடிக்கைப் புரோகால்சிடோனினைப் பார்த்து நிறுத்தியபோது, அது கொடுத்த நேரம் 65 மணி நேரத்திலிருந்து 55-ஆகக் குறைந்தது. பத்து மணி நேரம்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள்! தேவையில்லாத ஆன்டிபயாடிக்தான் கிருமிகளை மருந்துக்கு அடங்காமல் பழக்குகிறது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், பச்சிளம் குழந்தைகளின் ரத்தத்தில் முதலிடம் பிடித்த அசினெட்டோபாக்டர் கிருமிகளில் ஐந்தில் நான்கு பங்கு, பல மருந்துகளுக்கும் அடங்காதவை.

இத்தனை நவீனத்துக்கு நடுவில் எனக்குப் பிடித்தது மைக்ரோ இ.எஸ்.ஆர்.தான். குதிகாலில் குத்தி மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தம் நிரப்பி, ஒரு மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, சிவப்பணு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்று பார்ப்பார்கள். முதல் வாரத்துக்குக் கணக்கு தெரியுமா? குழந்தையின் வயது எத்தனை நாளோ அதோடு மூன்றைக் கூட்டு. அதைத் தாண்டினால் சந்தேகம்! இந்தியாவில் வழக்கமான 'செப்சிஸ் ஸ்க்ரீன்' இதோடு சி.ஆர்.பி.யையும் மூன்று வெள்ளணுக் கணக்குகளையும் சேர்த்துப் பார்க்கிறது. ஐந்தில் இரண்டு பிசகினாலே பாசிட்டிவ்!