குதிரைக் கண்ணில் நீர் வடிகிறதா? கண்ட சொட்டு மருந்தை விடாதீர்கள்!

மாலையில் மெரினா கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள் சவாரிக் குதிரைகளைப் பார்த்திருப்பார்கள். ஒரு சுற்று முடிந்து கீழே இறங்கியதும் குழந்தை கேட்கும்:-

"அப்பா, குதிரை ஏம்பா அழுவுது?"

குதிரை அழவில்லை. அதன் கண்ணில் நீர் வடிகிறது. கண்ணோரத்தில் இருந்து கன்னம் வரை ஈரக்கோடு. அதில் ஈ மொய்க்கிறது.

"கடல் காத்து, மணலு... தானா சரியாப் பூடும்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பல சமயம் அது சரிதான். ஆனால் சில சமயம் ஓரிரு நாளிலேயே கண் பறிபோய்விடும்!

கண் போன குதிரையில் யார் சவாரி செய்வார்கள்? அதை நம்பி இருக்கும் குடும்பத்தின் கதி என்ன?

மூக்கில் ஒரு வழி

தரையில் வாழும் பிராணிகளில் மிகப் பெரிய கண் உள்ளவற்றில் குதிரையும் ஒன்று. அந்தக் கண் தலையின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு இருக்கிறது. மணலும், தூசியும், வைக்கோல் துரும்பும் சுலபமாகப் படும்.

கண்ணீர் வடிவதற்குக் கண்ணில் இருந்து மூக்குக்கு ஒரு குழாய் போகிறது. மூக்குத் துவாரத்துக்குள் பார்த்தால், கீழ்ப்பக்கம் அதன் சிறிய வாய் தெரியும். அது அடைத்துக்கொண்டால் நீர் கன்னத்தில் வழியும். டாக்டர் மூக்குப் பக்கம் இருந்து உப்பு நீரை மெதுவாகச் செலுத்தி அடைப்பை எடுத்துவிடுவார்.

எது ஆபத்து?

நீர் தெளிவாக இருந்து, குதிரை கண்ணை நன்றாகத் திறந்திருந்தால் பெரும்பாலும் தூசி அல்லது ஈதான் காரணம். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு போட்டு, சுத்தமான துணியால் துடைக்கலாம். ஒரு கண்ணைத் துடைத்த துணியால் மறு கண்ணைத் துடைக்கக் கூடாது. ஈ அண்டாமல் முகத்துக்கு வலை போடலாம். சாணத்தை உடனே அள்ளிவிட வேண்டும். புல்லை உயரத்தில் கட்டாமல் தாழ்வாக வைத்தால் கண்ணில் துரும்பு விழாது. இரண்டு நாளில் நீர் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை தள்ளினால் கிருமி புகுந்திருக்கலாம். வைத்தியம் தேவை.

குதிரை கண்ணை இடுக்கி மூடிக்கொண்டால், வெளிச்சத்துக்குக் கூசினால், கருவிழி மீது நீலப்புகை படர்ந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது!

ஒரே மருந்து காக்கும், கெடுக்கும்

தவறு நடப்பது இங்கேதான். வீட்டில் யாருக்கோ வாங்கிய கண் மருந்து பாதி மிச்சம் இருக்கும். அதைக் குதிரைக்கு விட்டுவிடுகிறார்கள்.

கருவிழியில் புண் இருந்து, அந்த மருந்தில் ஸ்டீராய்டும் இருந்தால் வினைதான். புண் ஆறாது, கிருமி பெருகும், கருவிழியே கரைந்து ஓட்டை விழலாம்.

அப்படியானால் ஸ்டீராய்டு கெட்ட மருந்தா? அதுவும் இல்லை. கண்ணுக்குள்ளே அழற்சி ஏற்பட்டு, விட்டு விட்டு வரும் நோய் ஒன்று உண்டு. சந்திரனால் வருவதாக நினைத்து அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் அதை "நிலாக் குருடு" என்றார்கள். எலிக்காய்ச்சல் கிருமி அதற்கு ஒரு முக்கிய காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்த நோயில் கண்ணைக் காப்பாற்றுவதே ஸ்டீராய்டுதான்!

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. எப்படிக் கண்டுபிடிப்பது? டாக்டர் கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் விட்டுக் கழுவுவார். புண் உள்ள இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். பச்சை தெரிந்தால் ஸ்டீராய்டு கூடாது. சில நிமிட வேலைதான்.

1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. கடற்கரையில் இருந்து அதிக தூரம் இல்லை.

மருந்துக்கடைக்காரர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. "குதிரைக்கு ஒரு கண் மருந்து குடுங்க" என்று யாராவது வந்தால், "மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று திருப்பி அனுப்புவதே பெரிய உதவி.

கடற்கரைக்குப் போகிறவர்களும், ஒற்றைக் கண்ணை மூடி நிற்கும் குதிரையைப் பார்த்தால் குழந்தையை ஏற்ற வேண்டாம். "கண்ணைக் காட்டுங்கண்ணே, இன்னிக்கே" என்று குதிரைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.