சபைகள் இணைந்தன, தெரு இணைவது எப்போது?

ஞாயிறு காலை நெமிலி வட்டாரக் காலனிகளில் ஒரே தெருவிலிருந்து ஒரு வீட்டார் சி.எஸ்.ஐ. கோயிலுக்கும், அடுத்த வீட்டார் பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்துக்கும் போகிறோம். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும் நம் பங்காளிகளே.

சபைப் பிரிவுகள் தீராதவை அல்ல. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள், ஒரே கிறிஸ்துவை அறிவிக்கிறவர்கள் தனித்தனியே நிற்கலாமா என்று கேட்டார்கள். அவர்களுள் முன்னின்றவர் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. தோர்ணக்கல்லில் மாலா, மாதிகா மக்களிடையே உழைத்தவர். இணைப்பைக் காணாமலே 1945இல் மறைந்தார்.

பேராயர் வேண்டுமா, வேண்டாமா என்பதே பெரிய சிக்கலாக இருந்தது. ஏற்கெனவே ஊழியம் செய்கிறவர்களை அப்படியே ஏற்பது, இனி வருகிறவர்களுக்குப் பேராயரே குருப்பட்டம் கொடுப்பது என்று முடிவானது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபையார் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். ஸ்கட்டர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷனின் சபைகளும் ஐக்கிய சபை வழியாக இதில் சேர்ந்தன.

ஆனால் சாதி கோயிலுக்குள்ளும் வந்தது. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் மக்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவரே எழுப்பினார்கள்.

கோயிலுக்கு வெளியே சட்டமும் நம்மைப் பிரிக்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. அண்ணனுக்கு எஸ்.சி. சான்று, ஞானஸ்நானம் பெற்ற தம்பிக்கு பி.சி. சான்று. சாதி வெறியர் அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அண்ணனுக்கு உண்டு, தம்பிக்கு இல்லை. இதை மாற்றக் கோரி தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது.

இதில் அண்ணனுக்கும் ஒரு பயம் இருக்கிறது: தம்பியும் வந்தால் நம் பங்கு குறையுமோ? அது நியாயமான பயம். இட ஒதுக்கீட்டின் அளவையும் சேர்த்து உயர்த்தக் கேட்போம் என்று அவரிடம் உட்கார்ந்து பேசுவது நம் கடமை.

சபைக்கு வெளியே இருப்பவர்களிடம் போவது ஆள் சேர்க்க மட்டும் என்றால் அவர்கள் கதவைச் சாத்துவார்கள். கோயில் வளாகத்து மாலை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நாமும் கூடப் போவோம். தோல் ஷாப்பில் கூலி பாக்கி என்றால் எந்தச் சபை என்று கேட்காமல் சேர்ந்து நிற்போம். அங்கேதான் நம் ஒற்றுமை தெரியும்.