உங்களுக்குத் தெரியுமா? மூளைக்கு மருந்து போகும் நீர்வழி!

மூளையையும் முண்ணாணையும் சுற்றி ஒரு தெளிந்த நீர் இருக்கிறது. அளவு வெறும் 150 மில்லிலீற்றர்! ஆனால் உடல் ஒரு நாளில் சுரப்பதோ ஏறக்குறைய 500 மில்லிலீற்றர்!

மூளையின் பெரிய இரத்தக்குழாய்கள் எந்நேரமும் குளிப்பது இந்த நீரில்தான். குழாய்க்கு உள்ளே இரத்தம், வெளியே நீர்!

குழாயில் வீங்கிய இடம் வெடித்தால் இரத்தம் இந்த நீரில் கலந்துவிடும். ஆபத்து அன்றோடு தீராது! 3ஆம் நாளுக்குப் பிறகு குழாய்கள் சுருங்கத் தொடங்கும். உச்சம் 7ஆம் நாளளவில்! படம் எடுத்துப் பார்த்தால் 100 பேரில் 70 பேர் வரையானோருக்கு இந்தச் சுருக்கம்!

இதற்கான மாத்திரை நிமோடிபின். 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல் 21 நாள்! 1989இல் வெளியான பிரித்தானிய ஆய்வில் மூளைத்திசு பாதிப்பை இது 34 வீதம் குறைத்தது!

மருந்தை நேரே அந்த நீரிலேயே விட்டால்? ஜப்பானிய வைத்தியர்கள் விட்டே பார்த்துவிட்டார்கள்! மருந்து நிகார்டிபின். பிரஷருக்குக் கொடுப்பதுதான்! மெல்லிய குழாய் வழியாக ஒரு தடவைக்கு 2 மில்லிகிராம், நாளுக்கு 3 தடவை. குழாய்ச் சுருக்கம் குறைந்ததாக 1994இல் அறிவித்தார்கள்!

அதே மருந்தைக் குச்சியாகவும் செய்தார்கள்! தடிப்பு 2 மில்லிமீற்றர், நீளம் 10 மில்லிமீற்றர். மாத்தளைக் கராம்பை விடச் சிறியது! சத்திரசிகிச்சையின்போது குழாயின் அருகிலேயே வைத்துவிடுவார்கள். 2007இல் ஜேர்மனியில் 32 பேரிடம் ஆய்வு. குச்சி வைக்காதவர்களில் 73 வீதத்தினருக்குக் குழாய் சுருங்கியது. வைத்தவர்களில் வெறும் 7 வீதம்!

சத்திரசிகிச்சையில் குழாயின் மேலேயே விடும் இன்னொரு மருந்து பபாவரின். கசகசா தரும் அதே செடியில் கிடைத்தது! கண்டுபிடித்த ஆண்டு 1848!

முதுகில் ஊசி ஏற்றி இந்த நீரை எடுக்கக் காட்டியவர் ஜேர்மனியின் குவின்கே, 1891இல்! அதே வழியில் மருந்து செலுத்தி விறைக்க வைத்தவர் பியர், 1898இல்! சிசேரியனுக்கு முதுகில் விறைப்பூசி போட்ட தாய்மாரே, உங்களுக்கு மருந்து போனதும் இந்த நீருக்குள்தான்!

மாத்தளை வாசகர்களே, வாழ்நாளில் கண்டிராத தலைவலி நொடியில் இடிபோல் தாக்கினால், அது மூளையின் குழாய் வெடித்ததற்கான அறிகுறியாக இருக்கலாம். பனடோல் போட்டுப் படுக்காதீர்கள்! நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுள்ள கண்டி தேசிய வைத்தியசாலை ஏறக்குறைய 25 கிலோமீற்றரில் இருக்கிறது. உடனே 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் கட்டணம் ஒரு சதமும் இல்லை!