ஆந்தைத்தலைப் புதைபடிவம்: ஸ்டிரிங்கோசெபாலசின் உடலமைப்பும் வகைப்பாடும்

ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிழக்கே, பாஃப்ராத் என்னும் ஊரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் படிவுகளில், பருத்து வளைந்த அலகுடைய புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பக்கவாட்டில் நோக்கினால் ஆந்தையின் தலையே நினைவுக்கு வரும். அவ்வட்டார மக்கள் அவற்றை ஆந்தைத்தலை என்றே வழங்கினர். 1825இல் பிரெஞ்சு அறிஞர் டெஃப்ரான்ஸ் சூட்டிய ஸ்டிரிங்கோசெபாலஸ் என்னும் கிரேக்கப் பெயரின் பொருளும் அதுவே.

இதனைச் சிப்பி எனச் சொல்லத் தோன்றும். எனினும் அச்சொல்லை நாம் தவிர்க்கிறோம். சிப்பியின் ஈரோடுகள் இடமும் வலமுமாக அமைந்து, பெரும்பாலும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்கும். பிராக்கியோபோடுகளிலோ ஓடுகள் முதுகுப்புறமும் வயிற்றுப்புறமுமாக அமைகின்றன. அவை அளவில் ஒவ்வா. ஆனால் ஒவ்வோர் ஓட்டின் நடுவேயும் கோடு கிழித்தால் இரு பாதிகளும் ஒக்கும். மாணவர் கையில் ஒரு புதைபடிவம் கிடைத்ததும் முதலில் தேட வேண்டியது இக்கோட்டையே.

ஸ்டிரிங்கோசெபாலசின் சிறப்பு அதன் உள்ளே இருக்கிறது. அலகு அமைந்த வயிற்றோட்டின் நடுவில் உயரமான தடுப்புச்சுவர் ஒன்று நீண்டு செல்கிறது. முதுகோட்டின் கீலிலிருந்து வலிய நீட்சி ஒன்று புறப்பட்டு, வயிற்றோட்டை நோக்கி நீண்டு, முனையில் இரண்டாகப் பிளந்து, அத்தடுப்புச்சுவரின் இருபுறமும் கவைபோல் படிகிறது. ஓட்டைத் திறக்கும் தசைகள் பற்றியிருந்த நெம்புகோல் இந்நீட்சியே. பிற பிராக்கியோபோடுகளில் இது சிறு முனையாகவே காணப்படும். இங்கோ வியக்கத்தக்க அளவு வளர்ந்துள்ளது. முதுகோட்டிலிருந்து சுண்ணாம்பாலான மெல்லிய வளையம் ஒன்றும் தோன்றி, ஓட்டின் விளிம்பையொட்டிச் சுற்றி வருகிறது. அதன் உட்புறத்திலிருந்து ஆரைகள்போல் முட்கள் நடுவை நோக்கி நீள்கின்றன. நீரிலிருந்து உணவுத் துகள்களை வடித்தெடுத்த நுண்ணிழைக் கரங்களுக்கு இவ்வளையமே தாங்கி.

வகைப்பாட்டின் சிக்கலை அவிழ்ப்பதும் இவ்வளையமே. பருத்த உருவத்தையும் வளைந்த அலகையும் தடுப்புச்சுவரையும் மட்டும் கண்டால், பென்டாமெரிடா என்னும் வரிசையில் இதனைச் சேர்க்கத் தோன்றும். ஆனால் அவ்வரிசையினருக்கு இத்தகைய வளையம் இல்லை. டெரிபிராட்டுலிடா வரிசைக்கே அது உரியது. பென்டாமெரிடா டெவோனியக் காலத்திலேயே அற்றுப்போயிற்று. டெரிபிராட்டுலிடாவின் உறுப்பினரோ இன்றும் கடல்களில் வாழ்கின்றனர். ஆகவே வளையத்தைக் காணத் தவறினால், வாழும் உயிரினங்களின் உறவு ஒன்றை மாண்ட கிளையில் ஒட்டியவராவோம்.

காண்பது எளிதன்று. ஓட்டின் உள்ளே பெரும்பாலும் கல் இறுகியிருக்கும். மாதிரியைச் சிறிது சிறிதாகத் தேய்த்து, ஒவ்வொரு தளத்தையும் வரைந்து, பின்னர் அவ்வரைபடங்களை அடுக்கியே வளையத்தின் வடிவத்தை மீட்டனர். அறிந்து முடிக்கையில் மாதிரி எஞ்சுவதில்லை!

இப்பேரினம் 38 கோடி ஆண்டுகளுக்கும் முன், நடு டெவோனியத்தின் கிவேத்தியக் கட்டத்தில், ஆழமற்ற வெப்பக் கடல்களில் வாழ்ந்து மறைந்தது. ஐரோப்பாவிலும் சீனாவிலும் மேற்குக் கனடாவிலும் கிடைப்பதாலும் வாழ்ந்த காலம் குறுகியது ஆதலாலும், பாறையின் வயதைக் கணிக்க இது பெரிதும் உதவுகிறது. சுண்ணாம்புப் பாறையின் வெட்டுமுகத்தில் தடித்த ஓடும் நடுத் தடுப்புச்சுவரும் கோடுகளாகத் தென்பட்டால், முழு ஓட்டைப் பெயர்த்தெடுக்காமலே நிலவியலார் அதனை இனங்காண்கின்றனர்.