கருதுகோள் தவறானால் ஆய்வு தோல்வியா?

அறிவியல் விழாவுக்குத் தயாராகும் மாணவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “சார், கருதுகோள் தப்பாகிவிட்டால் மதிப்பெண் போய்விடுமா?”

சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் எனக் கெடாவில் எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பயத்தைப் பார்க்கிறேன். இதனால்தான் சிலர் பரிசோதனையை முடித்துவிட்டு, கிடைத்த முடிவுக்கு ஏற்ப கருதுகோளை எழுதுகிறார்கள். இன்னும் சிலர் அட்டவணையில் உள்ள எண்களையே திருத்திவிடுகிறார்கள். ஆய்வு உண்மையில் தோற்றுப்போவது அந்த இடத்தில்தான்.

கருதுகோள் என்பது நாம் உற்றறிந்த ஒன்றுக்குக் கொடுக்கும் தற்காலிக விளக்கம். அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும். ‘இது தவறாக இருந்தால் எனக்கு எப்படித் தெரியவரும்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத வாக்கியம் கருதுகோள் ஆகாது. ‘ரப்பர் மரம் பயனுள்ளது’ என்பது கருத்து. அதைத் தவறென்று காட்ட எந்தப் பரிசோதனையும் இல்லை.

இதை விளக்க நான் மாணவர்களுக்குச் சொல்வது புழுங்கல் அரிசியின் கதை. ஒரு பக்கம் நெல் வயலும் மறு பக்கம் ரப்பர் தோட்டமும் உள்ள கெடாவில், அரிசியைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் புரியும். ஆனால் கதை நடந்தது நெகிரி செம்பிலானிலும் கோலாலம்பூரிலும்.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் பலரைக் கொன்றது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், கடைசியில் இதயம் செயலிழக்கும். நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை இந்நோய் அதிகம் தாக்கியது. அவர்கள் சாப்பிட்டது ஆலையில் நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. வீட்டிலேயே நெல் குத்திச் சாப்பிட்ட கிராமத்து மலாய்க்காரர்களுக்கு நோய் அரிது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கும் அரிது.

பிராடன் ஒரு கருதுகோளை முன்வைத்தார். தீட்டிய அரிசி நாள்பட இருந்தால் அதில் ஒரு நச்சு உண்டாகிறது, அதுவே பெரிபெரிக்குக் காரணம் என்றார். மலாய்க்காரர்கள் அன்றன்று குத்திய புது அரிசியைச் சாப்பிடுகிறார்கள். தமிழர்களின் அரிசியோ நெல்லாக இருக்கும்போதே அவிக்கப்படுகிறது. மூன்று சமூகங்களின் நிலையையும் இந்த ஒரே விளக்கம் அழகாகப் பொருத்திக் காட்டியது.

அழகாகப் பொருந்துவதால் மட்டும் ஒரு விளக்கம் உண்மையாகிவிடுமா? சோதிக்க வேண்டும். 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் டாக்டர் பிளெட்சர் நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. கட்டடம்தான் நோயைப் பரப்புகிறதோ என்ற சந்தேகம் வராதிருக்க, இடையில் இரு குழுக்களின் இடத்தையும் மாற்றினார். வெள்ளை அரிசிக் குழுவில் பலர் நோயுற்றார்கள், இறப்புகளும் நேர்ந்தன. புழுங்கல் அரிசிக் குழுவில் இருவருக்கு மட்டுமே பெரிபெரி. அந்த இருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள்.

1907ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவர், ஜெலெபு பகுதியில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே போன்ற ஆய்வைத் தொடங்கினர். அங்கும் வெள்ளை அரிசியே நோயைத் தந்தது. இப்படி மனிதர்களை நோய்க்கு உட்படுத்தும் ஆய்வை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. நாம் அனுபவிக்கும் அறிவுக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்து வந்ததுதான் முக்கியமான படி. நாள்பட்டதால் உண்டாகும் நச்சுதான் காரணம் என்றால், ஆலையிலிருந்து அன்றே வந்த புது வெள்ளை அரிசி நோயைத் தரக்கூடாது அல்லவா? கோழிகளுக்குப் புது அரிசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கும் நரம்பு நோய் வந்தது. தீட்டும்போது கழியும் தவிட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது நோய் வரவில்லை. ஆக, அரிசியில் நச்சு சேரவில்லை; அரிசியிலிருந்து தேவையான ஏதோ ஒன்று போய்விட்டது.

அந்த ‘ஏதோ ஒன்று’ தயாமின் எனும் வைட்டமின் பி1. 1926ஆம் ஆண்டில் ஜாவாவில் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள இச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தோட்டத்து லயங்களில் நம் முன்னோர் விரும்பிச் சாப்பிட்ட சோறு, அவர்கள் அறியாமலேயே அவர்களைக் காத்தது.

பிராடனின் கருதுகோள் தவறிப்போனது. ஆனாலும் காரணம் அரிசியில் இருக்கிறது என்று எல்லாரையும் பார்க்கவைத்தது அதுதான். தெளிவாகச் சொல்லப்பட்டதால்தான் அதைச் சோதிக்க முடிந்தது. சோதித்ததால்தான் சரியான காரணம் கிடைத்தது.

இனி உங்கள் ஆய்வுக்கு வருவோம். ரப்பர் தோட்டத்தில் ஏன் விடியுமுன்பே மரம் சீவப் போகிறார்கள் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். “வெயில் ஏறினால் பால் குறையும்” என்பார்கள். இது அனுபவ அறிவு. இதைக் கருதுகோளாக எழுதினால்: ‘சீவும் நேரம் தாமதமாகத் தாமதமாக, ஒரு மரம் தரும் பாலின் அளவு குறையும்.’ சீவும் நேரம் தற்சார்பு மாறி. பாலின் அளவு சார்பு மாறி. மரத்தின் வகை, வயது, வெட்டின் நீளம், சீவும் ஆள் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படிக்குச் சரி. ஆய்வுக்கு ஒரே மரமும் ஒரே நாளும் போதாது.

மாணவர்களே, பரிசோதனையைத் தொடங்கும் முன்பே கருதுகோளைத் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். முடிவு வேறாக வந்தால் அதை அழிக்காதீர்கள். ‘என் கருதுகோள் ஏற்கப்படவில்லை’ என்று துணிந்து எழுதி, ஏன் என்று ஊகித்து, அடுத்து எதைச் சோதிப்பீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள். ஆசிரியர்களும் பெற்றோர்களும் அந்த வரியைக் கண்டால் முகம் சுளிக்காமல் பாராட்டுங்கள். உண்மையை அப்படியே எழுதப் பழகும் பிள்ளைதான் நாளை நல்ல ஆய்வாளராக வளரும்.