காவாத காப்பு

மாந்தர்க்கு வாய்த்த ஐம்பொறிகளுள் செவி ஒரு தனித்தன்மை உடையது. கண்ணை இமை மூடும், வாயை இதழ் மூடும், செவிக்கோ கதவில்லை. உறக்கத்திலும் அது திறந்தே கிடக்கின்றது. கேட்டறிதலின் பெருமை உணர்ந்தே திருவள்ளுவரும் ‘கேள்வி’ என ஓர் அதிகாரம் வகுத்தார். அத்தகைய செவியைக் காக்கவெனக் கொடுத்த கருவியே பழுதுடையதாயின், அதனை நம்பியவன் கதி யாது? பொறுப்பாளி யார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த பெருவழக்கொன்றைக் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் செவி கெடும் வகையை அறிதல் வேண்டும். ஒலியலை செவிப்பறையை அதிரச் செய்ய, அவ்வதிர்வு மூன்று சிற்றெலும்புகளின் வழியே, நத்தை ஓடு போற் சுருண்ட உட்செவியை அடைகின்றது. ஆங்குள்ள நுண்ணிய மயிர்க்கலங்கள் அதனை நரம்புக்கு அறிவிக்கின்றன. ஒரு செவியில் அவை ஏறத்தாழ 15,000 உள. பேரொலியால் மடிந்த கலம் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. நாளொன்றுக்கு 8 மணி நேரம் 85 டெசிபெல் ஒலியிற் பணி செய்வோர்க்குக் காப்பு வேண்டுமென்பர். துப்பாக்கி வேட்டொலியோ 140 டெசிபெலையும் கடப்பது. இவற்றால் கேள்வி குன்றுவதோடு, ஊரெல்லாம் அடங்கிய நள்ளிரவிலும் காதினுள் ஓயாது இரையும் நோயும் உண்டாகும்.

அமெரிக்கப் படைவீரர் பலர் 2003 முதல் 2015 வரை இருமுனைச் செவியடைப்பான் ஒன்றை அணிந்தனர். அதனை ஆக்கிய ஏரோ என்னும் கம்பனியை 2008இல் 3எம் கம்பனி வாங்கியது. பச்சை முனையைச் செருகினால் எல்லா ஒலியும் அடங்கும்; மஞ்சள் முனையைச் செருகினால் வெடியொலி தடைப்பட்டு, தோழன் பேச்சு மட்டும் கேட்கும். எண்ணம் நன்றே. ஆயின் அதன் தண்டு குட்டையானது, அணிந்தவன் அறியாமலே அது தளர்ந்துவிடும், ஆக்கியோர் இதனை அறிந்தும் வீரர்க்கு உரைத்திலர் என்பதே வழக்காளிகளின் வாதம். கருவி நல்லதே, உரிய முறையில் அணிந்தாற் காக்கும் என்பது கம்பனியின் மறுமொழி.

குறையை முதலில் அரசுக்கு உணர்த்தியது மோல்டெக்ஸ் என்னும் மற்றொரு செவியடைப்பான் கம்பனி. 2018 யூலையில் 3எம் கம்பனி குற்றத்தை ஒப்பாது, அரசுக்கு 91 இலட்சம் டொலர் செலுத்தி அம்முறைப்பாட்டைத் தீர்த்துக்கொண்டது. அப்பணத்தால் வீரர்க்குப் பயனொன்றுமில்லை. ஆகவே அவர்கள் தாமே வழக்காடினர். 2019இல் வழக்குகளுட் பெரும்பாலானவை புளொரிடா மாநிலத்துப் பென்சக்கோலா நகரில் ஒரே நீதிபதி முன் திரட்டப்பட்டன. மாதிரியாக விசாரிக்கப்பட்ட 16 வழக்குகளுள் 10இல் வீரர் பக்கமும், 6இல் கம்பனி பக்கமும் தீர்ப்பாயின. 2022இல் ஏரோ கம்பனி கடன்தீர்க்க இயலாதோர்க்குரிய நீதிமன்றிற் புகலிடம் தேடிற்று. 2023 யூனில் அம்மனு தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஓகஸ்டில், பொறுப்பை ஒப்பாமலே, 2029 வரை தவணையாக 601 கோடி டொலர் வழங்கக் கம்பனி இணங்கியது. ஏறக்குறைய இரண்டரை இலட்சம் பேர் அவ்விணக்கத்திற் சேர்ந்தனர்.

இதனால் யாம் அறிவது யாது? காப்பில்லை என அறிந்தவன் அஞ்சி விலகுவான்; காப்புண்டு என நம்பியவனோ நெருங்கி நிற்பான். ஆதலின் காவாத காப்பு, காப்பின்மையினும் கொடிது.

இது கடல் கடந்தோர் கதையன்று. பதுளை, மொனராகலைப் பகுதிகளிற் போர்க்களம் இல்லை, பேரொலி உண்டு. தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு பகலாய்ச் சுழலும் உருளைகள், கல்லுடைக்கும் இடங்கள், பயிர் காக்க யானை வெடி கொளுத்தும் கமக்காரர் புலங்கள் எல்லாம் செவிக்குப் பகையே. எம் மாணவரின் தந்தையர் சிலரிடம் ஒன்றை இருமுறை உரத்துக் கூற நேர்கின்றது. “வயசாகிப் போச்சுங்க, ஐயா” எனச் சிரித்துவிடுகின்றனர். கெடுத்தது வயதோ இயந்திரமோ என எவரும் அளந்து பார்த்ததில்லை.

அளவாமையே ஏழைக்கு நேரும் பேரிழப்பு. நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டமும் உள. ஆயின் சட்டத்தின் கதவைத் தட்டுவோன் கையிற் சான்று வேண்டும். பணியிற் சேரும் நாளிலும், பின்னர் ஆண்டுதோறும் செவியைச் சோதித்து, அக்குறிப்பின் படியொன்றைத் தொழிலாளி கையிற் கொடுத்தால், அதுவே அவனுக்குச் சாட்சியாகும்.

இக்கல்லூரியிற் பயின்றோர் தோட்ட நிருவாகிகளாய், எழுதுவினைஞராய், தொழிற்சங்கத்தாராய் இன்று பணிபுரிகின்றனர். அவர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. காப்பைக் கொடுத்தோம் என்பதோடு கடமை முடிந்துவிடாது. அது காத்ததா எனப் பார்த்தலே கடமை. 601 கோடி டொலரும் மடிந்த மயிர்க்கலம் ஒன்றை எழுப்பவல்லதன்று. தன் பிள்ளை வாசிக்கும் பாடத்தைத் தந்தை தன் செவியாற் கேட்க வேண்டுமெனின், அச்செவியை இன்றே காத்தல் வேண்டும்.